நாலு மணித்தியாலச் சிவப்பு

உம்மா திரையை விலக்கிக்கொண்டு சிவப்புச் சாரியில் வெளியே வந்தபோது மாமா கண்ணை மூடிக்கொண்டார். உம்மாவின் கூடப்பிறந்த தம்பி அவர். பார்க்கக் கூடாதவர் அல்ல. ஆனாலும் மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. நாற்பத்தாறு நாளாக வெள்ளைக்குள், திரைக்குள், ஓர் அறைக்குள் இருந்த உம்மா விடியல் வெளிச்சத்தில் வீட்டின் நடுவே தீப்பற்றிய மாதிரி நின்றார். எனக்கு அப்போது பத்து வயது.

வாப்பா மவுத்தாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எங்கள் சாய்ந்தமருதில் புருஷனைப் பறிகொடுத்தவள் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பாள். வெள்ளை உடுப்பாள், வாசல் தாண்டமாட்டாள், அந்நிய ஆணின் கண்ணில் படமாட்டாள். இது எனக்குத் தெரியும்.

“என்ன வேலை ராத்தா இது? மௌலவி போகலாமெண்டுதான் சொன்னார், பொழுதுபட முதல் திரும்பினா. கலர் உடுக்கலாமெண்டு சொல்லல்லயே.”

“வெள்ளையோட போய் நிண்டா அவன் கண்டதும் விளங்கிப்போடுவான். போகாம இருந்தாலும் விளங்கும். மூணாவது வழி ஒண்டு நீ வெச்சிரிக்கியா?”

மாமா வாசலில் நின்ற வேனைப் பார்த்தார்.

“அப்ப பேசாம வேனுல ஏறு. அல்லாஹ் கேட்டா நான் சொல்லிக்குவன்.”

அந்த ‘அவன்’ என் மூத்த நானா, உம்மாவின் தலைப்பிள்ளை. முன்னர் ஒருமுறை கத்தாருக்குப் போய், சோறு இறங்கவில்லை என்று மூன்றே மாதத்தில் ஓடிவந்தவர். இரண்டாம் முறையாக ஓர் உல்லாசக் கப்பலில் துணி தோய்க்கிற வேலை கிடைத்துப் போயிருந்தார். வாப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசியாக முழுதாகச் சொல்லி முடித்தது ஒன்றே ஒன்று: “அவனுக்குச் சொல்லாதீங்க. கேட்டானெண்டா கடல்ல குதிச்சாவது வந்திடுவான். இந்த முறையாவது முடிச்சிட்டு வரட்டும்.” அந்தச் சொல்லை நம்பி ஒப்படைத்த அமானிதம் மாதிரி வீடே பொத்தி வைத்திருந்தது. அப்போதுதான் வாப்பாவின் பெயருக்கு நானாவின் கடிதம் வந்தது. திருகோணமலையிலிருந்து வருகிற வழியில் பொத்துவில் கடலில் கப்பல் நாலு மணித்தியாலம் நிற்குமாம். கரைக்கு இறங்க அவருக்கும் அனுமதியாம். எல்லாரும் வாங்க, வாப்பாவும் கட்டாயம் வரணும்.

யுத்தம் கொஞ்சம் மூச்சுவிட்ட காலம். ஆனாலும் பாதையில் காவலரண்கள் இருந்தன. கோமாரிக்கு முன்னால் ஒரு ஆமிக்காரன் வேனுக்குள் தலையை நீட்டினான். சட்டிகளைப் பார்த்தான், இறைச்சிக் கறியை மோந்தான், சிவப்புச் சாரியைப் பார்த்தான். “என்ன விசேஷம்?” என்று உடைந்த தமிழில் கேட்டான்.

“கலியாணம்” என்றார் மாமா.

உம்மா சிரித்தார். சிரித்தது பொய்யா என்று நான் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் என்னை இன்னும் பயப்படுத்தியது.

மீதி வழி முழுக்க மாமா எனக்குப் பாடம் எடுத்தார்.

“வாப்பா எங்க எண்டு கேட்டா?”

“சாகாமத்து வயலுல வெள்ளாமை வெட்டு.”

“எப்ப போனாரு?”

“முந்தாநாள்.”

“அழுகை வந்தா?”

“மூக்க சீறுவன்.”

“அழுதியெண்டா கப்பல்ல ஏத்தி அனுப்பிப்போடுவன்.”

பொத்துவிலில் கப்பல் தூரத்தில் நின்றது, யாரோ ஒரு வெள்ளைத் தெருவைப் பெயர்த்துக் கடலில் வைத்த மாதிரி. ரப்பர் வள்ளங்களில் வெள்ளைக்காரர்கள் வந்து இறங்கினார்கள். இறங்கியதும் ஓடினார்கள். யானை பார்க்க ஒரு கூட்டம், அலையில் சறுக்க ஒரு கூட்டம், செவ்விளநீருக்கு ஒரு கூட்டம். நாலு மணித்தியாலத்துக்குள் எங்கள் கரையோரம் முழுவதையும் தின்றுவிட வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். எங்களுக்கும் அதே நாலு மணித்தியாலம்தான். உம்மா ஒரு மீன்வாடிக்குள் பாய் விரித்து, அடுக்குச் சட்டிகளைப் பிரித்து, தயிர்ச் சட்டியை நிழலுக்கு நகர்த்தி, எல்லாவற்றையும் அவர்களைவிட வேகமாகச் செய்தார்.

நானா மூன்றாவது வள்ளத்தில் வந்தார். வெள்ளைச் சீருடை. உம்மாவைக் கண்டதும் தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டார். உம்மாவின் முகத்தை அல்ல, சாரியைத்தான் பார்த்தார். தலைப்பிலிருந்து கரை வரைக்கும், நெடுநேரம். பிறகுதான் நடந்து வந்தார்.

“வாப்பா வரல்லயா?”

“சாகாமத்துல வெட்டு மகன். வெட்டுக்காரனுகள் இப்பதான் கிடைச்சானுகள். போட்டுட்டு வர ஏலுமா அந்த மனிசனுக்கு? வயல்தான் அவருக்கு மூத்த புள்ள, நீயெல்லாம் அதுக்குப் பிறகு.”

நானா சிரித்தார்.

“இருமல் எப்படி?”

“இருமலா? ராவு அவர் விட்ட குறட்டையில கூரைத் தகரம் கழண்டு வருது. நீ வந்து ஆணி அடி.”

ஒவ்வொரு சொல்லிலும் வாப்பா எழுந்து உட்கார்ந்தார், குறட்டை விட்டார், வயலுக்குப் போனார். திரைக்குள் இருந்து விசும்பிய அதே வாய்தான் இது. ஒரு கணம், சத்தியமாக, வாப்பா சாகாமத்தில்தான் இருக்கிறார், நாங்கள்தான் வீட்டில் ஏதோ பிழையாக விளங்கிக்கொண்டோம் என்றுகூட நினைத்தேன்.

அப்போது, பாயில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த நானா என் பக்கம் திரும்பினார். “வாப்பா என்ன புள்ள சொல்லிவிட்டாரு எனக்கு?”

இது மாமாவின் பாடத்தில் இல்லை. மாமாவின் கை தயிர்ச் சட்டியில் நின்றுபோனது. உம்மா என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்.

“ஸலாம் சொல்லச் சொன்னாரு” என்றேன்.

நானா பிசைந்த சோற்றைக் கோப்பையில் வைத்தார். “வ அலைஹிஸ் ஸலாம்” என்றார், அவர் மீதும் சாந்தி உண்டாகட்டும் என்று, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக. பிறகு கை கழுவ வாடிக்குப் பின்னால் கிணற்றடிக்குப் போனார். வாளி இறங்குகிற சத்தம் கேட்டது, ஏறுகிற சத்தம் வெகுநேரம் கேட்கவில்லை. முகமெல்லாம் தண்ணீரோடு வந்து, “கடல் காத்து கண்ண எரிக்குது” என்று சொல்லி, “இன்னும் சோறு போடுங்க உம்மா” என்றார். போட்டதெல்லாம் தின்றார். சோறு இறங்கவில்லை என்று கத்தாரிலிருந்து ஓடிவந்த அதே ஆள்! உம்மா ஊட்டிவிட்ட கடைசி உருண்டையை ஒரு வெள்ளைக்காரி கெமராவில் பிடித்துக்கொண்டு போனாள். எந்த நாட்டிலோ, யாருடைய வீட்டிலோ, சந்தோசமான குடும்பம் என்ற பெயரில் நாங்கள் இன்னும் இருக்கலாம்.

பிறகு பையைத் திறந்தார். உம்மாவுக்குத் தொழுகைப் பாய். மாமாவுக்குச் சவரக் கத்தி. எனக்கு வர்ணப் பென்சில். பை வெறுமையானது. வாப்பாவுக்கு ஒன்றும் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வயலில் வேகிற மனிசனுக்கு ஒரு தொப்பிகூடவா கொண்டுவரக் கூடாது?

கப்பல் ஊதியது. வெள்ளைக்காரர்கள் இளநீரோடும் வெந்த முதுகோடும் ஓடிவந்தார்கள். நானா உம்மாவின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து முத்தமிட்டு, அவர் காதருகில் குனிந்தார். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது.

“வீட்ட போய் உள்ளுக்கு இரிங்க உம்மா. எனக்காக ஒருக்கா வெளிய வந்தது காணும், போதும்.”

வள்ளம் போய்விட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. உம்மா நின்ற இடத்திலேயே ஈரமணலில் உட்கார்ந்துவிட்டார். அலை வந்து மடியை நனைத்தது, போனது, மறுபடி வந்தது. நான் கொதித்துப்போனேன். விடிய முதல் எழும்பி, சமைத்து, இத்தாவை விட்டு, அவ்வளவு தூரம் வந்த தாயைப் பார்த்து உள்ளுக்குப் போய் இரு என்று ஒரு மகன் சொல்லலாமா?

திரும்புகிற வேனில் மாமாவுக்குத் தலைகால் தெரியவில்லை. “பாத்தியா ராத்தா! ஒரு துளி சந்தேகம் வந்திச்சா அவனுக்கு? அல்ஹம்துலில்லாஹ்!”

“ஓம்” என்றார் உம்மா.

முந்தின நாள் திருகோணமலையில் கப்பலுக்கு மரக்கறி ஏற்றிய நிந்தவூர்க்காரர் ஒருவர், உங்கட வாப்பாட ஜனாஸாவுக்கு நானும் வந்தன் தம்பி என்று நானாவிடம் கதைத்திருக்கிறார். இது எனக்குத் தெரியவர வருடங்கள் எடுத்தன. நானா அந்தப் பயணத்தை முழுதாக முடித்துவிட்டுத்தான் வந்தார்; வந்த அன்று வீட்டுக்கு வருமுன் வாப்பாவை அடக்கிய மையவாடிக்குப் போனார்.

ஆனால் அன்றைக்கு நான் வேன் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, கோபமும் பெருமையுமாக, அடுத்த முறை கப்பல் வந்தால் வாப்பாவுக்கு என்ன வேலை கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வெட்டு முடிந்திருக்கும். நெற்கதிர் சூடடிப்பு என்று சொல்லலாம். அதற்குப் பிறகு விதைப்பு இருக்கிறது. விதைத்தால் காவல் இருக்கிறது, பன்றிக்கும் யானைக்கும். வாப்பாவுக்கு வேலை முடியவே முடியாது.