வரப்புக்கு இந்தப் பக்கம் மஞ்சள்

போன செவ்வாய்க்கிழமை எருமப்பட்டியில், கணுக்கால் தண்ணீரில் நின்றபடி ஓர் இலையை முறைத்துக்கொண்டிருந்தேன். மரவள்ளி இலை. நரம்பு மட்டும் பச்சை... மற்றதெல்லாம் மஞ்சள்!

மரவள்ளிக்காடு, என் கல்லூரித் தோழன் கந்தசாமியுடையது. ஏரி நிரம்பி வழிந்த தண்ணீர் புகுந்து ஒரு வாரமாக வடியவில்லை. எட்டு மாதப் பயிர். இன்னும் நாலு நாள் நின்றால் கிழங்கு அழுகிவிடும். மனுஷன் சரியாகச் சாப்பிடுவதே இல்லை என்று அவன் மனைவி போனில் அழாத குறை. அதனால்தான் சேலத்திலிருந்து ஓடினேன். எனக்கு என்ன தெரியும்? தொட்டியில் வைத்த ரோஜாவையே காப்பாற்றத் தெரியாதவன் நான்.

யூரியா போட்டிருக்கிறான். கேட்கவில்லை. இரும்புச்சத்துக்கு அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளித்திருக்கிறான். அதற்கும் அசையவில்லை. மண்ணை எடுத்துக்கொண்டு வேளாண்மை அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி அம்மா சோதித்துப் பார்த்துவிட்டு, மண்ணில் இரும்பு தாராளமாக இருக்கிறது என்றார்.

இருக்கிறதா? பிறகு ஏன் மஞ்சள்?

சுண்ணாம்பு மண்ணாம். இரும்பு இருந்தும் சுலபத்தில் கைக்கு வராதாம். தண்ணீர் தேங்கினால் வேருக்கு மூச்சு முட்டிவிடும், அப்புறம் எதை எடுக்கும் என்றார். முதலில் தண்ணீரை வடித்தாக வேண்டும்.

திரும்பி வந்து பார்த்தால் இன்னொரு குழப்பம். வரப்புக்கு அந்தப் பக்கம், பள்ளத்தில், கந்தசாமியின் தம்பி முத்துவின் நெல். அதே மண். அங்கே தண்ணீர் நின்ற இடம் பச்சை, காய்ந்த இடம் மஞ்சள்! அந்த அம்மாவுக்கே போன் போட்டேன். நெல்லுக்கு நின்ற தண்ணீரில்தான் இரும்பு கரைந்து கிடைக்குமாம், அதன் வேருக்கு இலை வழியாகவே காற்றும் போய்விடுமாம். ஒரே தண்ணீர், ஒன்றுக்கு மருந்து, ஒன்றுக்கு விஷமா? எனக்குத் தலை சுற்றியது.

"அப்போ வரப்பை வெட்டி அங்கே விடேன்" என்றேன்.

கந்தசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டான். பாகம் பிரித்து நாலு வருஷம். அன்றிலிருந்து அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வரப்பு மட்டும் வருஷா வருஷம் உயர்ந்திருக்கிறது.

"தண்ணிய உட்டா சண்டைக்கு வருவான். நீ வேணா கேட்டுப் பாரு ஜோசப்பு."

நான் என்ன பங்குச் சாமியாரா, சமாதானம் பேச? இருந்தாலும் போனேன். முத்து கிணற்று மோட்டாரைப் போட்டு நெல்லுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தான். பக்கத்துக் காட்டில் குளமாக நிற்கிறது, இவன் மோட்டார் ஓட்டுகிறான்! விஷயத்தைச் சொன்னேன்.

"அண்ணன் எப்ப வெட்டுவாருன்னுதானுங்ணா ஒரு வாரமா பாத்துக்கிட்டிருக்கறேன். நானாப் போயி எப்படிங் கேக்கறது?"

சொன்னவன் மோட்டாரை நிறுத்திவிட்டு, மண்வெட்டியோடு வரப்புக்கு வந்தான். ஒரு வெட்டு வெட்டினான். மறுபக்கம் கந்தசாமி வெட்டிய இடத்தையே பார்த்தபடி வரப்போரம் வந்து நின்றான். தண்ணீர் நூலாகக் கசிந்தது. இன்னொரு வெட்டு.

"சித்த அகலமாவே வெட்டு சாமி" என்றான் கந்தசாமி.

கிழங்கு தப்புமா என்று இன்னும் தெரியாது. இரும்பு விவகாரமும் எனக்கு முழுசாகப் புரியவில்லை. ஆனால் முந்தாநாள் கந்தசாமிக்குப் போன் போட்டபோது எடுத்தது முத்து... "அண்ணன் சாப்பிட்டுக்கிட்டிருக்கறாருங்ணா" என்றான்.