நின்றுபோகும் வியாதிக்கு ஒரு டாக்டர்

டாக்டர் ஷீபாவின் ஆராய்ச்சியைப் பற்றி ஆஸ்பத்திரி கேன்டீனில் ஒரு கேலி உண்டு. மற்ற நரம்பு டாக்டர்கள் ஆளைக் கொல்லும் வியாதிகளோடு மல்லுக்கட்டிப் பெயர் வாங்கும்போது, இந்த அம்மா மட்டும் தானாகவே நின்றுபோகிற ஒரு வியாதியைப் பிடித்துக்கொண்டு, அது நிற்கிறதா இல்லையா என்று இருபது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். கேலி பண்ணுகிறவர்கள் பண்ணிவிட்டுப் போகட்டும். மானாம்பதி காலனியில் பிறந்து, சென்னையில் நரம்பியல் பேராசிரியர் ஆகிற வரைக்கும் அவர் கேட்காத பேச்சா? இதெல்லாம் வெறும் கொசுக்கடி.

மோட்டார் நியூரான் நோய் என்று ஒன்று இருக்கிறது. தசையை ஆட்டிவைக்கிற நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். கை போகும், கால் போகும், பேச்சு போகும், கடைசியில் மூச்சும் போகும். அதில் எத்தனையோ பேரை ஷீபா வழியனுப்பி வைத்திருக்கிறார். ஆனால் ஆரம்பத்தில் பார்ப்பதற்கு அதே மாதிரி இருக்கிற இன்னொன்றும் உண்டு. பதினேழு, பதினெட்டு வயசுப் பையன்களுக்கு ஒரு கை மட்டும் இளைக்கும். கழுத்து குனியும்போது தண்டுவடம் நசுங்குவதால் வருவது அது. சில வருஷம் இளைத்துவிட்டுப் பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். போன தசை திரும்பாது, அதற்கு மேல் போகவும் போகாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, நல்லா இருக்கிற பையனுக்கு நாள் குறித்து அனுப்புகிற டாக்டர்களைக் கண்டால் ஷீபாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வருஷம் தன் நோயாளிகள் எல்லாரையும் வைத்துப் பெரிய கட்டுரை ஒன்றை எழுதி வெளிநாட்டு மருத்துவப் பத்திரிகைக்கு அனுப்பினார். அங்கிருந்து ஒரு கேள்வி வந்தது. ஒன்பது பேர் ஒரு தடவை வந்ததோடு சரி, பிறகு வரவே இல்லையே, அவர்கள் செத்துப்போகவில்லை என்று எப்படித் தெரியும்? கேட்டதில் தப்பில்லை. அந்த ஒன்பது பேருக்கும் முற்றியிருந்தால், ‘நின்றுவிடும்’ என்று அவர் இத்தனை வருஷம் சொன்னதெல்லாம் வெறும் வாய்ப்பந்தல். அவர்களில் பாதிப்பேர் உத்திரமேரூர் பக்கத்து ஆட்கள். போனில் ஒருத்தரும் அகப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குக்கூடப் போகாமல், ஷீபா காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முதல் வீடு மானாம்பதியிலேயே, நோயாளி சுகுமாரின் அப்பா வீராசாமியின் வீடு. ஷீபாவின் அப்பா ஜான்சன் ஏர் ஓட்டியது இவர்கள் நிலத்தில்தான். அந்தக் காலத்தில் கொல்லைப்பக்கமாக வந்து நிற்க வேண்டிய வீட்டில், இன்று வாசல் வழியாக நுழைந்து, ஃபேனுக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வீட்டில் பலகார வாசனை மூக்கைத் துளைத்தது.

வீராசாமியின் மனைவி கோவிந்தம்மாளுக்கு அவரைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. “யாரு, நம்ம ஜான்சன் பொண்ணா? டாக்டரம்மா, இன்னா இந்தப் பக்கம்?”

“சுகுமார் கையப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்மா. ஒம்போது வருசம் ஆச்சி. எப்டி கீறாரு?”

கோவிந்தம்மாள் உள்ளே பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். “நல்லா கீறான். இதோ வரச் சொல்றேன்,” என்று போய் ஒரு பையனைக் கையோடு இழுத்துவந்தாள். “இவந்தான் சுகுமாரு. பாத்துட்டு சீக்கிரம் கெளம்புமா, வூட்டுக்கு ஆளுங்க வராங்க.”

ஷீபாவுக்கு முகம் மறந்துவிடும், கை மறக்காது. சுகுமாரின் இடது கையில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் விழுந்திருந்த பள்ளம் இன்னும் அவர் கண்ணில் இருந்தது. இந்தக் கையில் பள்ளமும் இல்லை, மேடும் இல்லை, கும்மென்று இருந்தது. பிடியின் பலத்தை அளக்கிற கருவியை எடுத்துக் கொடுத்தார். பையன் அமுக்கினான். முள் எகிறிப் போய் நின்றது. மறுபடி கொடுத்தார். “இன்னும் அமுக்கட்டா மேடம்?” என்று அவன் உற்சாகமாகக் கேட்டான்.

ஷீபாவுக்கு வியர்த்துவிட்டது. போன தசை திரும்ப வளராது. வளர்ந்திருக்கிறது என்றால், ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவர் கண்டுபிடித்தது தப்பு. இது தப்பென்றால் மற்றதெல்லாம் சரி என்று யார் சொன்னது? இருபது வருஷ உழைப்பும் அந்தப் பையனின் உள்ளங்கையில் நசுங்குகிற மாதிரி இருந்தது. நோயாளி நன்றாக இருப்பதைப் பார்த்து ஒரு டாக்டர் அழுகிற நிலைக்கு வந்தது அன்றைக்குத்தான்.

அந்த நேரம் பார்த்து, பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கைத் தோளில் சுமந்துகொண்டு இன்னொருவன் உள்ளே வந்தான். கொளுத்துகிற வெயிலில் முழுக்கைச் சட்டை.

“டேய் மோகனு, பொண்ணு வூட்டு வேன் வந்துட்ச்சி, நைனா இட்டாந்துனு கீறாரு. நீ இன்னா இங்க ஒக்காந்துனு...” என்றவன் ஷீபாவைப் பார்த்து நின்றான். “மேடம்! நீங்களா?”

ஷீபா தம்பியைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். தம்பியை அண்ணன் என்று காட்டிய கோவிந்தம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஷீபா ஒரே பாய்ச்சலாக எழுந்து, சுகுமாரின் சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டினார். அதே பள்ளம், அதே இளைத்த முன்கை. கருவியைக் கொடுத்தார், அவன் அமுக்கினான், அதே பழைய அளவு.

“அப்டியே கீது! கொஞ்சம்கூட மாறல!” என்று அவர் கத்திய கத்தலில் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “ஏம்பா, ஏன் நீ திரும்ப வரல?”

“வேற எடத்துல காட்னோம் மேடம். ரெண்டு வருசம்தான்னு சொன்னாங்க. அப்பறம் எதுக்கு அலையறதுன்னு வுட்டுட்டேன். ஒவ்வொரு பொங்கலும் இதான் கடைசிப் பொங்கலுன்னு நெனச்சிக்குவேன்.” அவன் சிரித்தான். “பொங்கல்தான் வந்துனே கீது. நாம்பளும் இருந்துனே கீறோம். அதான், கண்ணாலத்துக்கு சரின்னுட்டேன்.”

அதற்குள் பெண் வீட்டார் வீடு பார்க்க உள்ளே வந்துவிட்டார்கள். பெண்ணின் அப்பா தாமல் ஊர்க் கன்னியப்பன், அவர் சொந்தபந்தம், கூடவே கல்யாணப் பெண் சசிரேகா. வழக்கமாகப் பெண் வரமாட்டாள். ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போகிறவள், தான் வாழப்போகிற வீட்டைத் தான் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது என்று வேனில் ஏறிவிட்டிருந்தாள்.

சுகுமார் சுருட்டின கையை இறக்கவில்லை. “இதான் அந்தக் கை. அம்மா சொல்லிக்கும்,” என்றான்.

கோவிந்தம்மாள் சொல்லியிருக்கவில்லை. கன்னியப்பனின் முகம் கறுத்தது. நோயாளியின் விஷயம், ஷீபாவாகச் சொல்லக் கூடாது. சுகுமாரே திரும்பி, “நீங்களே சொல்லுங்க மேடம், எல்லார் எதிர்லயும். எனக்கும் தெரியணும்,” என்றான்.

“இன்னொரு கைக்கு வருமா? பொறக்கப்போற பசங்களுக்கு வருமா?” கன்னியப்பன் எடுத்த எடுப்பில் கேட்டார்.

“பரம்பரையா வர்ற வியாதி இல்லீங்க. இத்தினி வருசம் நின்ன கை இனிமே மோசமாவறது ரொம்ப அபூர்வம். இருவது வருசமா இதத்தான் நான் பாத்துனு கீறேன். இவரு உசுருக்கு இதால ஒண்ணும் இல்ல. சட்ட பட்டன் போட மட்டும் கொஞ்சம் நேரமாவும்.”

சுகுமார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

சசிரேகா முன்னால் வந்து அந்தக் கருவியை வாங்கி ஒரு அமுக்கு அமுக்கினாள். முள் சுகுமாரின் அளவைத் தாண்டி இரண்டு மடங்குக்குப் போனது. “பட்டன் நான் போட்டுவுடறேன்,” என்றாள். வீடே சிரித்தது. மோகன்குமாரின் சிரிப்புதான் எல்லாவற்றையும்விடச் சத்தம். “மறைக்கிறதுதான் பேஜாரு, அத்த. இனிமே வேணாம்,” என்று சசிரேகா கோவிந்தம்மாளிடம் சொன்னாள். மாமியாரை அத்தை என்று கூப்பிட்டாயிற்று, இனி கன்னியப்பன் என்ன சொல்ல? ஒரு போண்டாவை எடுத்துக் கடித்தார்.

சசிரேகா ஷீபாவின் பக்கம் திரும்பினாள். “மேடம், தப்பா நெனச்சிக்காதீங்க. இது நின்னுடும்னு உங்களுக்கு அப்பவே தெரியும் இல்ல? ஏன் வந்து சொல்லல? இவரு ஒம்போது வருசம் செத்துச் செத்துப் பொழச்சிக்கிறாரே.”

அப்போது பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடிந்தது, இந்த மாதிரிக் கைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் இன்று இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது என்று ஷீபா ஆரம்பித்தார். அது உண்மைதான். ஆனாலும் பாதியில் நிறுத்திக்கொண்டார். வராதவர்கள் கணக்கில் குறைகிறார்கள் என்று கவலைப்பட்டாரே ஒழிய, ஏன் வரவில்லை என்று தேடிப் போனதில்லை. இன்றைக்கு வந்ததுகூடப் பத்திரிகைக்காரன் கேட்டதற்குத்தான்.

“வந்திருக்கணும்மா,” என்றார்.

நாஷ்டா சாப்பிடாமல் விடமாட்டேன் என்று கோவிந்தம்மாள் மறித்தாள். சாப்பிட உட்கார நேரமில்லை. இரண்டு போண்டாவைக் காகிதத்தில் மடித்து வாங்கிக்கொண்டு ஷீபா காரில் ஏறினார். திருமுக்கூடலில் பஞ்சாட்சரம் என்று ஒருத்தர், சுகுமாருக்கும் முன்னால் வந்துபோனவர்.

அங்கே கதவைத் திறந்தது நாற்பது வயது மதிக்கத்தக்க ஆள். வலது கையைத் துண்டுக்குள் மறைத்திருந்தார். யார், என்ன என்று அவர் கேட்பதற்குள், பெட்டியைத் திறக்காமல், கையைப் பார்க்காமல், வாசற்படியில் நின்றபடியே ஷீபா சொன்னார்:

“பயப்படாதீங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆவாது. அத சொல்லத்தான் வந்தேன்.”