திரேசா அக்கா திருத்திய ஸ்டியரிங் கை

லண்டன் சவுத்தாலில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது திரேசா அக்காவின் தங்கை தொலைபேசியில் அழைத்தார். "அக்கா காலமை போயிட்டா, தம்பி." மூன்று மாதமாக எதிர்பார்த்திருந்த செய்திதான். ஆனாலும் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு எழுந்து வெளியே போனேன்.

மன்னாரில் பிறந்த அக்கா, ஜெர்மனியில் உதிரிப்பாகங்களின் அளவு பார்க்கும் வேலை செய்துவிட்டு லண்டன் வந்தவர். இருவரும் ஒரே பட்டறையில் சேர்ந்தோம். மோட்டார் கார் தோன்றிய காலத்து மாடல் ஒன்றை, பழைய வரைபடத்தின்படி புதிதாகச் செய்து விற்கும் இடம் அது. பாகங்களை அக்கா சோதித்து அனுப்புவார், நான் பொருத்துவேன்.

முதல் காரை ஓட்டிப் பார்த்த பிறகு, சக்கரங்களைத் திருப்பும் இரும்புக் கையில் மயிரிழை போன்ற வெடிப்பை அக்கா கண்டார். கை கூர்மையாக மடங்கும் இடம் அது. மடிப்பை வளைவாக்கி, தடிப்பைக் கூட்டி, அவரே புதிதாக வரைந்தார். பழைய உருவம் மாறக்கூடாது என்று முதலாளி மறுத்தார்.

"அந்தக் கார் குதிரை வண்டியளோட ஓடினது. இது லொறியளோட ஓடப்போகுது. உடைஞ்சா ஆர் பதில் சொல்லுறது?" என்று அக்கா என்னிடம் பொருமினார். இரண்டு வாரம் வாதாடி வென்றார். மிஞ்சிய பழைய கைகளுக்குச் சிவப்புப் பூசி ஒதுக்கிவைத்தார்.

தங்கையின் அகதி விண்ணப்ப விஷயமாக அவர் குரோய்டன் குடிவரவு அலுவலகத்துக்குப் போன நாளில், புதிய கைகள் வந்துசேரவில்லை. மறுநாள் ஒரு காரைக் கொடுக்கவேண்டும். முதலாளி சிவப்பைச் சுரண்டிய பழைய கை ஒன்றை நீட்டினார். பிறகு மாற்றலாம் என்றார். பொருத்தினேன். அக்காவிடம் சொல்லவில்லை.

ஆறாவது வாரம் அந்தக் கார் ஓர் இறக்கத்தில் திரும்பாமல் மரத்தில் மோதியது. ஓட்டிவந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் அங்கேயே இறந்தார்.

அக்கா என் முன்னால் வந்து நின்றார்.

"எதைப் பூட்டினனீர்?"

"பழையது, அக்கா."

 "விசாரணையில அதையே சொல்லும். ஒரு சொல்லும் குறைக்காதையும்" என்றார்.

சொன்னேன். அக்காவில் பிழையில்லை என்றார்கள். அவர் மட்டும் ஏற்கவில்லை. "நிறம் பூசினன். வெட்டி எறிஞ்சிருக்கோணும்" என்றார். பட்டறை மூடப்பட்டது. அதன்பின் ஒரு பாடசாலைச் சமையலறையில் பாத்திரம் கழுவினார். பழைய வேலைக்குத் திரும்பச் சொன்னபோது, "இனி ஒண்டையும் சரியெண்டு சொல்லிக் கையெழுத்து வைக்க என்னால ஏலாது" என்றார்.

கடைசியாக மருத்துவமனையில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"நான் மன்னிச்சு என்ன? அந்த மனிசன்ர வீட்டுக்குப் போனீரோ?"

நான் போயிருக்கவில்லை.

கிங்ஸ்பரித் தேவாலயத்தில் நடந்த இறுதிப் பூசையில், கடைசி வரிசை வாங்கில் ஒரு வெள்ளைக்கார மூதாட்டி தனியே இருந்தார். ஆசிரியரின் மனைவி. அக்கா வருடந்தோறும் அவரைப் பார்க்கப் போய்வந்ததைத் தங்கை அன்றுதான் சொன்னார். குழியில் மண் போட்டுவிட்டு அந்த அம்மா ஈரமண் ஒட்டிய கையோடு நின்றார். என் கைக்குட்டையைக் கொடுத்தேன். நன்றி சொன்னார். என் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை.

உறங்குங்கள், அக்கா. அந்த அம்மாவின் வாசலுக்கு இனி நான்தான் நடக்கவேண்டும்.