ஒருத்தர்தான், ஆனால் ‘தே’

எங்கள் அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘இலக்கணம் சார்’தான். அயர்ன் பாக்ஸ், வாஷிங் மெஷின் வாங்கினால் பெட்டிக்குள் ஆங்கிலக் கையேடு ஒன்று மடித்து வைத்திருப்பார்களே, யாரும் படிக்காமல் ஓரமாகப் போடுவோமே, அதை அச்சுக்குப் போகும் முன் வரி வரியாகத் திருத்துவது அவர் வேலை. ஏதோ சட்டப் புத்தகமே தன் கையில் இருப்பது போலத்தான் உட்கார்ந்திருப்பார். லிஃப்ட்டில் ஒட்டிய அறிவிப்பில் ஒரு கமா இடம் மாறியிருந்தால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. பிறந்தநாள் வாழ்த்து அட்டை கொடுத்தால் பிழை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நன்றி சொல்வார்.

அப்படிப்பட்டவர் தலையில்தான் நிர்வாகத்தின் உத்தரவு வந்து விழுந்தது. இனிமேல் கையேட்டில் பயனாளரை ‘ஹீ’ என்று எழுதக் கூடாது; ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவருக்கு ‘தே’ (they) போட வேண்டும்.

இலக்கணம் சார் நேராக மேலாளர் அறைக்குப் போனார். ‘தே’ பன்மை, ஒருத்தருக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்டார். ஸ்விட்சைத் தொடும் முன் பயனாளர் ‘தெயர்’, அதாவது ‘அவர்களுடைய’ கையைத் துடைக்க வேண்டும் என்று எழுதினால், பாவம் அந்த ஆள் ஊரார் கையையெல்லாம் துடைத்துவிட்டு வர வேண்டியிருக்கும் என்று வாதாடினார். ‘யூ’கூட ஒரு காலத்தில் பன்மைதானே, இப்போது ஒருத்தரைப் பார்த்தும் அதைத்தானே சொல்கிறோம் என்று மேலாளர் நினைவுபடுத்தினார். அது தான் பிறப்பதற்கு முன்பே நடந்துபோன காரியம், அதற்குத் தான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

உத்தரவை மீறவும் மனமில்லை, பணியவும் மனமில்லை. அதனால் சுற்றுவழியில் போனார். ‘ஹீ’யும் வேண்டாம், ‘தே’யும் வேண்டாம் என்று எல்லாவற்றையும் வழித்தெடுத்தார். ‘கைகள் உலர்ந்திருக்க வேண்டும்’ என்று மட்டும் எழுதினார். யாருடைய கைகள் என்பது அவருக்கே வெளிச்சம்.

இந்த நேரம் பார்த்துத்தான் கையேடுகளுக்குப் படம் வரைய ஓர் ஓவியர் வேலைக்குச் சேர்ந்தார். அதிகம் பேசாத, குட்டை முடி வைத்த இளவயதுக்காரர். முதல் நாளே எல்லோரிடமும் தன்னை ஆங்கிலத்தில் ‘ஹீ’ என்றோ ‘ஷீ’ என்றோ எழுத வேண்டாம், ‘தே’ போதும் என்று சாதாரணமாகச் சொன்னார். எங்களுக்கு அதில் ஒரு சிரமமும் இருக்கவில்லை. ‘அவங்க வந்தாச்சா’, ‘அவங்ககிட்ட படம் வாங்கிட்டியா’ என்று நாங்கள் பேசுவதை யார் மாற்றப் போகிறார்கள்? இலக்கணம் சாரும் வாய் நிறைய ‘அவங்க’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஆங்கிலம் என்று வந்தால் மட்டும் தொண்டையில் முள் சிக்கியது போல நின்றுவிடுவார்.

புதிதாகச் சேர்ந்தவரைப் பற்றி அலுவலகச் செய்திமடலில் ஆங்கிலத்தில் ஒரு பத்தி வரும். எழுதுவது இலக்கணம் சார் பொறுப்பு. மூன்று நாள் அதையே எழுதி எழுதி அழித்தார். கடைசியில் ஒரு பத்தி தயாரானது. வாக்கியத்துக்கு வாக்கியம் ஓவியரின் முழுப்பெயர். அது அலுத்த இடத்தில் ‘மேற்படி நபர்’.

ஓவியர் அதைப் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

“நல்லாத்தான் எழுதியிருக்கீங்க சார். ஆனா படிச்சா என்னைக் காணோம்னு போலீஸ்ல சொல்லி வச்ச மாதிரி இருக்கு.”

இலக்கணம் சாருக்குச் சுருக்கென்றது. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

வீட்டில் மனைவி கட்டில் விரிப்பை உதறிக்கொண்டிருந்தார். வெளியூரிலிருந்து இவருடைய அக்கா மறுநாள் வருவதாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே இவர் நடந்ததையெல்லாம் கொட்டினார். ஒரு ஆளைப் பலராக்கி எழுதச் சொல்கிறார்கள், மொழியே குட்டிச்சுவராகப் போகிறது என்றார். மனைவி தலையணை உறையை மாட்டிக்கொண்டே கேட்டார்.

“காலையில என்கிட்ட என்ன சொன்னீங்க? ‘அக்கா வர்றாங்க’ன்னுதானே?”

“ஆமா.”

“எத்தனை அக்கா வர்றாங்க, எத்தனை படுக்கை போடணும்னு நான் கேட்டேனா?”

“அது மரியாதைம்மா. அது வேற.”

“அவங்களும் மரியாதையைத்தானே கேக்கறாங்க. உங்க சொத்தையா கேட்டாங்க?”

இலக்கணம் சார் தமிழ் வேறு, ஆங்கிலம் வேறு என்று ஆரம்பித்தார். மனைவி அடுத்த தலையணையை எடுக்க உள்ளே போய்விட்டதால் மீதியைச் சுவரிடம் சொல்ல வேண்டியதாயிற்று.

மறுநாள் பத்தியை மாற்றி எழுதிக் கொண்டுவந்தார். வேண்டிய இடத்திலெல்லாம் ‘தே’ இருந்தது. தன் கருத்து மாறிவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம் என்று மேசை மேசையாகப் போய்ச் சொன்னார். ஆனால் போடுவது என்று முடிவான பிறகு ஒழுங்காகப் போட வேண்டாமா? ஒரே ஆளானாலும் ‘தே’க்குப் பின்னால் ‘ஆர்’தான் வரும், ‘இஸ்’ வராது என்று எங்களுக்கு வகுப்பே எடுத்தார். கூட்டத்தில் மேலாளர் வாய் தவறி ஓவியரை ‘ஹீ’ என்றபோது அங்கேயே திருத்தினார். ஓவியர்தான் நெளிந்தபடி, “விடுங்க சார், பரவாயில்ல” என்றார். பிழையை எப்படி விடுவது என்று இவர் உண்மையாகவே கோபப்பட்டார்.

மழைக்காலத்தில் ஒரு நாள் ஓவியர் அலுவலகப் படிக்கட்டில் வழுக்கிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் இலக்கணம் சார்தான். தோளில் கை போட்டுத் தாங்கி, டாக்ஸி பிடித்து, மருத்துவமனை வாசலில் உட்கார வைத்துவிட்டு உள்ளே ஓடினார். வரவேற்பில் இருந்தவருக்குத் தமிழ் வராது, ஆங்கிலத்தில்தான் பேச வேண்டியிருந்தது. இவர் மூச்சு வாங்க, ஆனால் இலக்கண சுத்தமாகச் சொன்னார்: ‘தே’ படிக்கட்டில் விழுந்துவிட்டார்கள், ‘தே’யால் நடக்க முடியவில்லை.

வரவேற்பாளர் பதறிப்போய் ஆள் அனுப்பினார். சக்கர நாற்காலிகள் இரண்டு வந்தன.

ஒரே ஆள்தான் என்று இவர் விளக்க, இன்னொருவர் எங்கே என்று அவர்கள் தேட, ஓவியர் வீங்கிய காலைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மருத்துவர் கூப்பிட நேரமாகும் போலிருந்தது. தள்ளிக்கொண்டு வந்த நாற்காலி ஒன்று சும்மா நின்றது. ஆளைத் தாங்கி வந்ததில் இலக்கணம் சாருக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது.

“காலியாத்தானே இருக்கு, உக்காருங்க சார்,” என்றார் ஓவியர்.

அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு தடவை பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.