அந்தக் கையை எடுத்துருங்க

பிறந்த குழந்தையைப் படம் எடுக்கும் தொழிலில் குழந்தை அழுதால்கூடச் சமாளித்துவிடலாம், கூட வருகிறவர்கள் வாயைத் திறந்தால்தான் எனக்கு ரத்தம் கொதிக்கும். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து போட்டோ திருத்தும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா?

உரியும் தோல்

தளவாய்புரத்துக்காரர் ஒருவர் தன் மகனின் படத்தை வாங்க வந்தார். பிறந்த சில நாளில் பிள்ளைக்குத் தோல் உரியத்தான் செய்யும். நான் செதிலை லேசாக மங்கவைத்து, முகத்துச் சிவப்பைத் தணித்து, காதோரப் பூனைமுடியையும் கழுத்து மடிப்பையும் அப்படியே விட்டிருந்தேன். கை வைத்தது தெரியக்கூடாது, அதுதான் வேலையே. அதற்கு முதுகு ஒடியும். மனிதர் படத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "செல்லுல ஃபில்டர் போட்டா செத்த நேரத்துல மொழுமொழுன்னு ஆயிருதுல்ல. நீங்க இத்தன நாளா என்னண்ணே செஞ்சீங்க?"

பால்கோவா கலர்

ஸ்ரீவில்லிபுத்தூர் அம்மா ஒருவர், பேரனை நம்மூர்ப் பால்கோவா கலருக்குக் கொண்டுவரச் சொன்னார். பால்கோவாவே பழுப்புதானே, பிள்ளையும் அந்த நிறம்தான், விட்டுவிடலாமே என்றேன். முறைத்தார். "அப்ப பாலு கலருக்குக் கொண்டாங்க."

அந்தக் கை

இதை நினைத்தால் இப்போதும் எரிகிறது. ராஜபாளையத்தில் மில் வேலைக்குப் போகும் பெண், தன் இரு கைகளிலும் மகளை ஏந்தியிருந்த படம். இருவருக்கும் ஒரே நிறம், பார்க்க அவ்வளவு அழகு. பெயர் வைக்கும் விசேஷத்துக்கு ஃப்ளெக்ஸ் அடிக்க வேண்டும் என்று அவளும் நாத்தனாரும் பிள்ளையோடு வந்தார்கள். படத்தில் பிள்ளையை வெளுப்பாக்கியே ஆகவேண்டும் என்று நாத்தனார் ஒற்றைக்காலில் நின்றார். மாட்டேன் என்றேன். விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வெளுத்துக் காட்டினேன்.

"இப்ப கை கறுப்பா அசிங்கமாத் தெரியுது. அந்தக் கையை எடுத்துருங்க. ஒரு பூக்கூடைய வச்சிருங்க."

பெற்றவள் பக்கத்திலேயே நிற்கிறாள். மகளின் ஃப்ளெக்ஸில் அவளுக்கு இருந்த இடமே அந்த இரண்டு கைதான். எனக்கு மவுஸைத் தூக்கி எறியலாம் போல வந்தது.

அந்நேரம் நாத்தனார் தோளில் கிடந்த பிள்ளை வீல் என்று அழ ஆரம்பித்தது. தட்டிப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார், அடங்கவில்லை. "ஏட்டி, பிள்ளைய வாங்கு" என்று நீட்டினார்.

அவள் கையை நீட்டவில்லை. "இந்தக் கைதான வேண்டாம்னீங்க மதினி? கூடைல போட்டுப் பாருங்க, அழுகை நிக்குதான்னு."

பிறகு யாரையும் கேட்காமல், வெளுத்ததை அழித்துவிட்டு, பிள்ளையையும் கையையும் பழைய நிறத்திலேயே ஃப்ளெக்ஸுக்கு அனுப்பினேன். இத்தனை வருஷத்தில் நான் செய்த உருப்படியான திருத்தம் அது ஒன்றுதான்.