பதினாறு வருடப் பக்கங்களில் ஒரே சொல்

ஷூ கம்பெனி வேலைக்குப் போவதைத் தம்பி நிறுத்திய மூன்றாவது வாரம், அவனை வேலூரில் ஒரு மனநல டாக்டரிடம் அழைத்துப் போனோம். தையல் மெஷின்கள் எல்லாம் சேர்ந்து தன்னைப் பற்றியே பேசுகின்றன என்று சொல்லிக்கொண்டிருந்தான். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு அப்பாவிடம் திரும்பினார்.

"உங்க குடும்பத்துல முன்னாடி யாருக்காவது இந்த மாதிரி இருந்துதா?"

"இல்லீங்க. யாருக்கும் இல்ல."

டாக்டர் கேட்டு முடிப்பதற்குள் அப்பா பதில் சொல்லிவிட்டார். அந்த அவசரம் என்னை உறுத்தியது. ஆம்பூருக்குத் திரும்பும் பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்குத் தாத்தாவின் நினைவு வந்தது. அப்பாவின் அப்பா, தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்தவர், அப்பாவுக்கு ஆறு வயதாக இருக்கும்போது ரயிலில் அடிபட்டுச் செத்தவர். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கல்லறைத் திருநாளில் பாட்டியின் கல்லறைக்கு மட்டும் பூ வைப்போம். தாத்தாவுடையது எங்கே என்று ஒருமுறைகூட நான் கேட்டதில்லை.

சனிக்கிழமை நான் வேலை செய்யும் கம்பெனியில் பர்மிஷன் போட்டுவிட்டு எங்கள் சர்ச்சுக்குப் போனேன். ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் அடக்க ரிஜிஸ்டரை எடுத்து வைத்தார். அப்பாவின் ஆறாவது வயதுக்கு முன்னும் பின்னும் ஐந்தைந்து வருடம் தேடினேன். தாத்தாவின் பெயர் இல்லை.

"செத்தவங்கள்ல இல்லன்னா, சபையார் பட்டியலப் பாருங்க," என்று வேறொரு கட்டைக் கொடுத்தார். வருடத்துக்கு ஒருமுறை, குடும்பம் குடும்பமாகப் பெயர் எழுதிய நோட்டுகள்.

அதில் தாத்தா இருந்தார். பாட்டியின் பெயருக்கு மேலே, அப்பா ஏழு வயதுப் பையனாக இருந்த வருடத்தில், பெயருக்கு எதிரே ஒரே சொல்: "மருத்துவமனையில்." அடுத்த வருடமும் அதேதான். அதற்கடுத்த வருடமும். பாதிரியார்கள் மாறினார்கள், கையெழுத்து மாறியது, மசி நீலமானது. சொல் மட்டும் மாறவில்லை. பதினாறு வருடம். பதினேழாவது நோட்டில், "மனநல மருத்துவமனையில் மரணம். அங்கேயே அடக்கம்."

தம்பியின் பெயரை யாரோ அந்தச் சொல்லுக்கு எதிரே எழுதப் போவதுபோல் இருந்தது. நோட்டை மூடவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

வீட்டில் அப்பா டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதை அணைத்தேன்.

"தாத்தா ரயில்ல சாகலப்பா. சர்ச் நோட்டுல பார்த்துட்டு வர்றேன்."

கையிலிருந்த ரிமோட்டைக் கீழே வைத்தார். பிறகு, "ரயில்லதாம்மா போனாரு," என்றார். "நைனாவ ரெண்டு பேர் புடிச்சிக்கினு போய் ரயில் ஏத்துனாங்க. ஸ்கூல்ல கேட்டாங்க, ரயில்ல போய்ட்டாருன்னு சொன்னேன். அவங்களா செத்துட்டாருன்னு நெனச்சிக்கினாங்க. நான் இல்லன்னு சொல்லல."

தோலில் முடி உதிர ஊறப்போடும் சுண்ணாம்புத் தொட்டிக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவதாகத் தாத்தா சொல்வாராம். காப்பாற்றுகிறேன் என்று இரண்டு முறை உள்ளே குதித்திருக்கிறார். இரண்டாவது முறை இடுப்புக்குக் கீழே தோல் வெந்துபோனதாம். அதன்பிறகுதான் ரயில்.

"நீ போய்ப் பார்க்கலயா?"

"ஒரே தபா. பன்னெண்டு வயசுல, மாமாகூட. என்னை யாருன்னே தெரியல. 'தொட்டியில இருந்தவன வெளிய எடுத்துட்டாங்களா'ன்னு கேட்டாரு. எடுத்துட்டாங்கன்னு சொன்னேன். சிரிச்சாரு. அப்புறம் நான் போகவே இல்ல. பயம்மா. எனக்கும் வந்துடுமோன்னு."

அறை வாசலில் தம்பி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். "நான் பேஜாரா சுத்திக்கினு இருந்தேன், ஊர்ல எவனுக்கும் இல்லாதது எனக்கு வந்துடுச்சுன்னு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்று கத்திவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான். அப்பா சட்டைகூடப் போடாமல் பின்னால் ஓடினார். ஒரு மணி நேரம் கழித்து இருவரும் திரும்பி வந்தார்கள். வழியில் என்ன பேசினார்கள் என்று இன்றுவரை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

அடுத்த முறை டாக்டர் கேட்பதற்கு முன்பே அப்பா ஆரம்பித்தார். "போன தபா தப்பா சொல்லிட்டேங்க. எங்க நைனாவுக்கு இருந்துது."

டாக்டர் எழுதிக்கொண்டார். இப்போது மருந்து இருக்கிறது, அந்தக் காலம் வேறு என்றார். மருந்தை மாற்றிப் பார்த்து மூன்று மாதம் கழித்துத் தம்பி வேலைக்குத் திரும்பினான். சத்தமில்லாத பேக்கிங் பிரிவில். சில நாள் நன்றாக இருக்கிறான். சில நாள் சாப்பிடும்போது கையை நிறுத்தி எதையோ கவனிக்கிறான். நானும் சாப்பிடுவதை நிறுத்திவிடுகிறேன்.

தாத்தாவை எங்கே அடக்கம் செய்தார்கள் என்று கேட்டு அந்த மருத்துவமனைக்கு, என் கம்பெனி முகவரி கொடுத்துக் கடிதம் எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. வேலை முடிந்து நான் கேட்டைத் திறக்கும்போதே அப்பா எழுந்து வந்து, "எதுனா வந்துதா?" என்று கேட்கிறார்.