றோசம்மா மொழிபெயர்த்த வேலா

றோசம்மா ஜேர்மனிக்கு வந்து எட்டே மாதத்தில் ஸ்பானிய மொழியை வடிவாகப் பேசினாள். அது ஸ்பானிய மொழி என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியாது.

எண்பத்தாறாம் ஆண்டு அது. அவளுடைய கணவன் ராசன் முன்னமே கொலோனுக்கு வந்து ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். இவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது. நானும் அங்கேதான் நின்றேன். நான் வாயை மூடிக்கொண்டு படுக்கை விரிப்பு மடித்தேன், அவள் வாயைத் திறந்துகொண்டு மடித்தாள். வித்தியாசம் அவ்வளவுதான். கூட வேலை செய்த நான்கு பெண்களும் ஸ்பெயின்காரிகள். எங்களுக்கு வெள்ளைக்காரர் எல்லாரும் ஒன்று. அவர்கள் பேசுவதுதான் ஜேர்மன் என்று நினைத்து, சவர்க்காரத்தில் தொடங்கி மாமியாரைத் திட்டுவது வரைக்கும் அவள் படித்துவிட்டாள்.

பிறகு ஒருநாள் வெளிநாட்டவர் கந்தோருக்குப் போய், அதிகாரிக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, கால் மணித்தியாலம் பேசினாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஸ்பானிய மொழிபெயர்ப்பாளர் ஒருத்தியைக் கூப்பிட்டார். வந்தவள் கேட்ட முதற் கேள்வி, "நீங்கள் தென்னமெரிக்காவில் பெருவா, பொலிவியாவா?"

அன்றைக்கு வீட்டுக்கு வந்த றோசம்மா அழவில்லை. "இவ்வளவு பாடுபட்டுப் படிச்சிட்டன், இனி விடேலாது" என்றாள். ஜேர்மனைக் கடைக்குப் போதுமான அளவு படித்தாள். ஸ்பானிய மொழியைத்தான் விடாமல் பேசினாள். எங்கள் ஆட்கள் அதற்குச் சலவைப் பாஷை என்று பெயர் வைத்தார்கள். கலியாண வீடு, செத்த வீடு எங்கே போனாலும் அந்தப் பகிடி வரும். "உண்மையான பாஷைதான் அது" என்று பதினெட்டு வருடம் சொல்லிப் பார்த்தாள். ஒருவரும் நம்பவில்லை. அவள் வேறெதற்கும் இந்தளவு ஆசைப்பட்டதை நான் காணவில்லை. ஒருமுறையாவது நாலு பேர் அதை நம்பவேண்டும்.

இரண்டாயிரத்து நாலில் எங்கள் சங்கம் கந்தசஷ்டி முடிந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பழைய பக்திப் படம் ஒன்று காட்டுவதாக அறிவித்தது. செயலாளர் அசோகன் படம் வாடகைக்கு விடும் ஒரு இடத்தின் பட்டியலில் தேடிப் பிடித்ததாம். கறுப்பு வெள்ளை, முப்பத்தைந்தாம் ஆண்டு, பெயர் 'லா வேலா'. மண்டபத்தில் இருநூறு பேர். தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, விளக்கை அணைத்தார்கள்.

திரையில் கடல் வந்தது. ஒரு வெள்ளைக்காரி ஜன்னலில் மெழுகுதிரி ஏற்றினாள். பிறகு வாய் திறந்தாள். கீழே ஒரு எழுத்தும் இல்லை.

"தம்பி, இது எந்த முருகன் படம்?" என்று முன்வரிசையில் இருந்த சந்திரா கேட்டாள்.

"வேலா எண்டுதானே அக்கா போட்டிருந்தது" என்றான் அசோகன்.

"முன்னுக்கு ஒரு லா நிக்குதே?"

"அது இந்த நாட்டுக்காரர் சும்மா போடுறது எண்டு நினைச்சன்."

றோசம்மா எழும்பினாள். "தம்பி, அது ஸ்பானிய பாஷை. வேலா எண்டால் மெழுகுதிரி. நான் சொல்லட்டோ?"

"அக்கா, குறை நினையாதேங்கோ. சலவைப் பாஷையைச் சபைக்குக் கொண்டு வராதேங்கோ" என்று சொல்லிவிட்டு அவனே மைக்கை எடுத்தான். அடுத்த கிழமை சங்கத் தேர்தல். வந்த சனத்தை அனுப்ப அவனுக்கு மனமில்லை. "அன்பர்களே, இந்தப் பெண்தான் வள்ளி. முருகனுக்காக விளக்கேற்றிக் காத்திருக்கிறாள்."

அந்த நேரம் பார்த்துத் தொப்பி போட்ட ஒருவன் திரையில் வந்தான்.

"இதார்?"

"முருகன். மாறுவேடம்."

"தொப்பியோடயோ?"

"வள்ளியிட்டக் கிழவனா வந்தவர், தொப்பியோட வரமாட்டாரோ?"

சனம் தலையாட்டியது, சிலர் கும்பிட்டார்கள். அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

றோசம்மா கடைசி வரிசையில் என் பக்கத்தில் இருந்துகொண்டு, தன்பாட்டில் சொல்லத் தொடங்கினாள். "அவளின்ர புருசன் கடலில செத்துப்போனானாம். இவன் புருசன்ர கூட்டாளி. தொப்பியை மேசையில விட்டிட்டனே எண்டு வாசல்ல நிண்டு சொல்லுறான். இப்ப திரும்பி வருவான்."

தொப்பிக்காரன் திரும்பி வந்து தொப்பியை எடுத்தான். முன்னால் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"புருசன் சாகேல்லையாம். அடுத்த தெருவில சாராயக்கடைக்காரியோட இருக்கிறானாம். நாளைக்குப் போய்க் கதவைத் தட்டப் போறன் எண்டு சொல்லுறாள்."

அவள் போய்க் கதவைத் தட்டினாள். நாலு வரிசை திரும்பியது. கதிரைகள் கிரீச்சிட்டன. திறந்த புருசனுக்குக் கன்னத்தில் ஒன்று விழுந்தது. அசோகன் மைக்கில் அவனையும் முருகன் என்றான்.

"முருகனை ஏன் அடிக்கிறாள்?" என்று சந்திரா சத்தமாகவே கேட்டாள்.

"அது ஊடல்" என்றான் அசோகன்.

"உம்மட ஊடலை நிப்பாட்டும்! மைக்கை அவவிட்டக் குடும்!"

மைக்கில் பற்றரி முடிந்துவிட்டது என்றான். றோசம்மாவுக்கு மைக் எதற்கு? பத்துச் சலவை மெஷின் ஒன்றாய்ச் சுழலும்போது பேசிப் பழகிய தொண்டை அது. எழுந்து நின்று மிச்சப் படத்தையும் ஒற்றை மூச்சில் சொன்னாள். முடிவில் அந்தப் பெண் மெழுகுதிரியை ஊதி அணைக்கிறாள். இருட்டுத் தெருவில் நின்று புருசன் கத்துகிறான்.

"வெளிச்சம் இல்லாமல் வீட்டுக்கு எப்பிடி வாறது எண்டு கேக்கிறான்" என்றாள் றோசம்மா. "வராதே எண்டுறாள்."

மண்டபம் கை தட்டியது. பகிடி பண்ணிய வாய்களே வந்து, "அக்கா, உண்மையாவே பாஷைதானோ?" என்று கேட்டன. "ஓம், பதினெட்டு வருசமாய்" என்றாள். வீட்டுக்குப் போகும் வழியில்தான் அழுதாள்.

அசோகன் தேர்தலிலும் வென்றான். தையில் சங்க மலர் அச்சாகி வந்தது. என் பேத்தி பிருந்தா வாசித்துக் காட்டினாள். "உலகத் திரைப்பட விழா. தமிழில் விளக்கவுரை: செயலாளர் அசோகன். தேநீர் உபசாரம்: திருமதி றோசம்மா ராசன்."

நான் அவனைத் தொலைபேசியில் பிடித்தேன். "சின்னப் பிழைதானே அன்ரி, அச்சில வந்ததை இனி மாத்தேலாது" என்றான். றோசம்மாவோ, "விடப்பா, கேட்ட சனத்துக்குத் தெரியும்" என்கிறாள். இந்த ஐந்தாறு வருடத்துக்குள் கேட்ட சனத்தில் ஏழெட்டுப் பேர் செத்துப்போனார்கள். மலர் அலுமாரியில் இருக்கப்போகிறது.

அதனால்தான் பிருந்தாவை உட்காரவைத்து, இதை எழுதென்று சொல்லியிருக்கிறேன். அந்தப் படத்தை மொழிபெயர்த்தவள் றோசம்மா. தேநீர் போட்டது நான்.